ஹெடர் வழிகிறதா, இடம் மாறுகிறதா? சிஎஸ்எஸ்ஸில் சரிசெய்யும் முறை

லோகோ, மெனு, தேடல் பெட்டி. பக்கத்தின் உச்சியில் நிற்கும் பட்டையான ஹெடரில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் ஒரு தளத்தில் அதிகம் தொல்லை கொடுப்பதும் அதுதான். பக்கத்தின் அடியில் தேவையில்லாமல் ஒரு ஸ்க்ரோல்பார் முளைக்கும். ஹெடரின் வலது ஓரம் வெட்டுப்படும். மேலே மெல்லியதாக ஒரு வெள்ளைப் பட்டை விழும். பக்கம் உருளும்போது மேலே ஒட்டி நிற்கட்டும் என்று ஸ்டிக்கி எழுதியும் ஒட்டாது. இவற்றில் பலவற்றுக்குக் காரணம் ஹெடருக்கு எழுதிய விதிகளில் இருக்காது. ஹெடரைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும். ஹெடர் தன் அகலத்தையும் இடத்தையும் எந்தப் பெட்டியை வைத்துக் கணக்கிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் ஒரு திரையில் சரியாகி இன்னொரு திரையில் கெடும்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் சொற்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம்; கோட் எழுதும்போது வழக்கமான எழுத்தில் டைப் செய்துகொள்ளுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

பிரவுசரில் எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறங்கள். ஸ்டைல்ஷீட்டின் கடைசியில், எல்லா எலிமெண்ட்டையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கு அவுட்லைன்: 1 பிக்சல் சாலிட் ரெட் என்று ஒரு வரி சேருங்கள். எந்தப் பெட்டி வலது ஓரத்தைத் தாண்டுகிறது என்பது சிவப்புக் கோட்டில் தெரிந்துவிடும். இதற்கு பார்டர் போடாதீர்கள். பார்டர் இடம் பிடித்து லேஅவுட்டையே மாற்றிவிடும். அவுட்லைன் இடம் பிடிக்காது.

அடுத்து கன்சோலில், டாக்குமெண்ட்.டாக்குமெண்ட்எலிமெண்ட்டின் க்ளையண்ட்விட்த் (தெரியும் அகலம்), ஸ்க்ரோல்விட்த் (உள்ளடக்கத்தின் மொத்த அகலம்) இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் எவ்வளவு பெரிது என்பதே ஒரு துப்பு. 40 பிக்சல் கூடுதல் என்றால் இருபுறமும் 20 வீதம் பேடிங் (பெட்டியின் உள் இடைவெளி) அகலத்தோடு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 15 அல்லது 17 என்றால் அது ஸ்க்ரோல்பாரின் அகலம். 8 என்றால் பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பாடியின் மார்ஜின், அதாவது வெளி இடைவெளி. 23 வந்தால் 15-ம் 8-ம் சேர்ந்திருக்கிறது.

ஹெடர் ஃபிக்ஸட் ஆக, அதாவது பக்கம் உருண்டாலும் திரையிலேயே நிலைத்து நிற்பதாக இருந்தால் டெஸ்க்டாப்பில் இந்தக் கணக்கு உதவாது. ஃபிக்ஸட் பெட்டி எவ்வளவு வழிந்தாலும் பக்கத்தின் ஸ்க்ரோல் அகலம் கூடாது. வலது ஓரம் சத்தமில்லாமல் வெட்டுப்படும், அவ்வளவுதான். தேடல் பட்டனைக் காணோம் என்று புகார் வருகிறது, ஸ்க்ரோல்பாரும் இல்லை என்றால் முதல் சந்தேகம் ஃபிக்ஸட் மீது விழட்டும்.

அகலம் கூடுவது எதனால்

எல்லா பிரவுசரிலும் பாடிக்கு நான்கு புறமும் 8 பிக்சல் மார்ஜின் தானாகவே உண்டு. ஹெடரைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் பாடியின் மார்ஜினை 0 ஆக்குங்கள். அதற்குப் பிறகும் மேலே மட்டும் 20 பிக்சல் அளவுக்கு ஒரு பட்டை மிஞ்சுகிறதா? அது உள்ளே இருக்கும் எச்1 தலைப்பின் மார்ஜின். 16 பிக்சல் அடிப்படை எழுத்தில் எச்1-இன் மேல் மார்ஜின் 21.44 பிக்சல். ஹெடருக்கு மேலே பார்டரோ பேடிங்கோ இல்லையென்றால் அந்த மார்ஜின் ஹெடரையும் தாண்டி வெளியே வந்து, ஹெடரையே கீழே தள்ளிவிடும். எச்1-இன் மார்ஜினை 0 ஆக்கலாம், அல்லது ஹெடருக்கு டிஸ்பிளே: ஃப்ளோ-ரூட் கொடுக்கலாம். ஹெடர் ஃப்ளெக்ஸ் பெட்டியாக (உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் டிஸ்பிளே: ஃப்ளெக்ஸ்) இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. ஃப்ளெக்ஸின் உள்ளே மார்ஜின்கள் வெளியே கசிவதில்லை.

மெனு மட்டும் காரணமில்லாமல் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது என்றால் யுஎல் பட்டியலைப் பாருங்கள். அதற்குத் தானாகவே 40 பிக்சல் இடது பேடிங் இருக்கிறது.

இனி மிகப் பரவலான தவறு. ஹெடருக்கு விட்த்: 100%, அதோடு பேடிங்: 0 20 பிக்சல். சிஎஸ்எஸ்ஸின் இயல்புக் கணக்கில் விட்த் என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டும். பேடிங் அதற்கு வெளியே சேரும். ஆக 100 சதவீதத்தோடு 40 பிக்சல். எல்லா எலிமெண்ட்டுக்கும், சிஎஸ்எஸ்ஸே உருவாக்கும் பிஃபோர், ஆஃப்டர் உட்பட, பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ் கொடுத்துவிட்டால் பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள் அடங்கும். எல்லாத் தளத்திலும் முதல் வரியாகவே இது இருப்பது நல்லது. ஆனால் அதைவிட எளிய திருத்தம் ஒன்று உண்டு: அந்த விட்த்: 100% வரியை அழித்துவிடுவது. சாதாரண ப்ளாக் எலிமெண்ட் கிடைக்கும் அகலம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும், பேடிங்கையும் அதற்குள்ளேயே கழித்துக்கொள்ளும். பல ஹெடர்களில் அந்த வரி எந்த வேலையும் செய்யாமல் தொல்லை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

விட்த்: 100 விடபிள்யூ என்று எழுதுவது இன்னும் ஏமாற்றுகிற தவறு. திரை அகலத்தின் நூறில் ஒரு பங்கான விடபிள்யூ அலகு செங்குத்து ஸ்க்ரோல்பாரின் அகலத்தையும் சேர்த்தே அளக்கும். விண்டோஸ் கணினியில் ஸ்க்ரோல்பார் 15 முதல் 17 பிக்சல் வரை இடம் பிடிப்பதால் ஹெடர் அந்த அளவுக்கு வழியும். டிராக்பேட் பயன்படுத்தும் மேக்கிலும் ஃபோனிலும் ஸ்க்ரோல்பார் உள்ளடக்கத்தின் மேல் மிதப்பதால் எதுவும் தெரியாது. எழுதியவர் திரையில் சரி, வாடிக்கையாளர் திரையில் தவறு என்ற சண்டைக்கு இது ஒரு வழக்கமான காரணம். 100% போதும், ப்ளாக் ஆக இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஹெடரின் பின்னணி நிறம் திரை முழுவதும் பரவ வேண்டும், லோகோவும் மெனுவும் 1200 பிக்சலுக்குள் நிற்க வேண்டும் என்றால் இரண்டு பெட்டிகள் தேவை. வெளியே ஹெடர்: நிறம் மட்டும், அகலம் எதுவும் குறிப்பிட வேண்டாம். உள்ளே ஒரு டிவ்: மேக்ஸ்-விட்த்: 1200 பிக்சல், மார்ஜின்-இன்லைன்: ஆட்டோ, பேடிங்-இன்லைன்: 20 பிக்சல். ஒரே பெட்டியில் இரண்டையும் செய்யப் போய் 50 விடபிள்யூ கழித்து எதிர்மறை மார்ஜின் கொடுக்கும் வித்தைகள் பல இடங்களில் காணக்கிடைக்கும். அவையும் மேலே சொன்ன ஸ்க்ரோல்பார் குழியில்தான் விழும்.

உள்ளே வைத்த அந்த டிவ்வின் கிளாஸையே கட்டுரைப் பகுதிக்கும் கொடுங்கள். பார்டர்-பாக்ஸ் கணக்கில் 1200-இல் 40 போக 1160 பிக்சல்தான் உள்ளடக்கத்துக்கு. கீழே உள்ள கட்டுரைக்குப் பேடிங் இல்லாமல் 1200 கொடுத்திருந்தால் லோகோவின் இடது ஓரமும் எழுத்தின் இடது ஓரமும் 20 பிக்சல் விலகி நிற்கும். சிறிய விஷயம்தான், ஆனால் கண் உடனே பிடித்துவிடும்.

ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஹெடர் சில பிக்சல் இடம் வலம் குதிக்கிறது என்றால், நீளமான பக்கத்தில் ஸ்க்ரோல்பார் இருக்கிறது, குட்டையான பக்கத்தில் இல்லை என்று பொருள். எச்டிஎம்எல் எலிமெண்ட்டுக்கு ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள் கொடுத்தால் அந்த இடம் எப்போதும் ஒதுக்கப்பட்டிருக்கும்.

ஃபிக்ஸட் கொடுத்தவுடன் மாறுவது

பொசிஷன்: ஃபிக்ஸட் என்றதும் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஹெடர் பக்கத்தின் ஓட்டத்திலிருந்து விலகுகிறது. கிடைக்கும் அகலம் முழுவதையும் எடுக்காமல் உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்குகிறது. சதவீதங்களைத் தன் பேரன்ட்டை (தன்னைத் தாங்கும் பெட்டி) வைத்து அல்லாமல் வியூபோர்ட்டை (பக்கம் தெரியும் திரைப்பகுதி) வைத்துக் கணக்கிடுகிறது.

சுருங்குவதைப் பார்த்துப் பலரும் விட்த்: 100% சேர்க்கிறார்கள், லெஃப்ட் மதிப்பை விட்டுவிடுகிறார்கள். 1440 பிக்சல் திரையில் 1200 பிக்சல் பெட்டி நடுவில் இருக்கிறது, ஹெடர் அதற்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லெஃப்ட் சொல்லாததால் ஹெடர் தான் இயல்பாக நின்றிருக்க வேண்டிய இடத்தில், அதாவது 120-ஆவது பிக்சலில் தொடங்கும். அகலமோ 1440. ஆக வலது ஓரத்தில் 120 பிக்சல் திரைக்கு வெளியே போய்விடும். மெனுவின் கடைசிச் சுட்டி காணாமல் போவது இப்படித்தான். டாப்: 0, லெஃப்ட்: 0, ரைட்: 0 மூன்றையும் கொடுங்கள், விட்த்தை எடுத்துவிடுங்கள், உள்ளே 1200 பிக்சல் டிவ் வையுங்கள். டாப் மதிப்பை விட்டுவிட்டாலும் இதே கதைதான்: அடுத்து வரும் மெயின் பகுதித் தலைப்பின் மார்ஜின் வெளியே கசிந்து, ஹெடரையும் சேர்த்துக் கீழே இறக்கும்.

ஃபிக்ஸட் ஹெடர் பக்கத்தோடு சேர்ந்து நகர்ந்து போனால், அதைத் தாங்கும் பேரன்ட், அதற்கும் வெளியே உள்ள பேரன்ட் என்று எலிமெண்ட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதற்காவது ட்ரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ், பேக்ட்ராப்-ஃபில்டர் அல்லது இவற்றை முன்னறிவிக்கும் வில்-சேஞ்ச் இருந்தால், ஃபிக்ஸட் வியூபோர்ட்டை விட்டுவிட்டு அந்த எலிமெண்ட்டைத் தன் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். பக்கம் மெதுவாகத் தோன்றி எழுவதற்காக முழுப் பக்கத்தையும் ஒரு அனிமேஷன் டிவ்வில் சுற்றியிருக்கும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். அந்தச் சுற்றலுக்கு வெளியே ஹெடரைக் கொண்டுபோவதே திருத்தம்.

இதன் மறுபக்கம் இன்னும் குழப்பும். ஹெடருக்கே கண்ணாடி மங்கல் வேண்டும் என்று பேக்ட்ராப்-ஃபில்டர்: ப்ளர் கொடுத்திருப்பீர்கள். ஃபோனில் மெனு பட்டனைத் தட்டினால் திரை முழுவதும் விரிய வேண்டிய மெனு, ஹெடரின் 64 பிக்சல் உயரத்துக்குள்ளேயே நசுங்கி நிற்கும். மெனுவுக்கு டாப்: 0, பாட்டம்: 0, பொசிஷன்: ஃபிக்ஸட் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மெனு ஹெடருக்குள் இருப்பதால், மங்கல் விளைவு ஹெடரையே அதன் அளவுகோலாக்கிவிட்டது. மங்கலை ஹெடரிலிருந்து எடுத்து ஹெடரின் பிஃபோர் எலிமெண்ட்டுக்குக் கொடுங்கள்: கன்டென்ட் வெற்று மேற்கோள், பொசிஷன்: அப்சல்யூட், இன்செட்: 0, இசட்-இண்டெக்ஸ்: -1. ஹெடருக்குத் தனியாக ஒரு இசட்-இண்டெக்ஸ் (எது எதன் மேல் என்ற அடுக்கு எண்) இருக்கட்டும். இல்லாவிட்டால் பிஃபோர் பக்கத்தின் பின்னணிக்கும் அடியில் போய் மறையக்கூடும். பிஃபோர் மெனுவின் பேரன்ட் அல்ல என்பதால் மெனு மறுபடி திரை முழுவதும் விரியும்.

ஃபிக்ஸட் ஹெடரின் அடியில் பக்கத்தின் தொடக்கம் மறைந்துவிடும் என்பதால் பாடிக்கு ஹெடரின் உயரம் அளவுக்கு பேடிங்-டாப் வேண்டும். மெனு இரண்டு வரியாக உடையும் அகலத்தில் அந்த எண் பொய்யாகிவிடும். ஒவ்வொரு திரை அளவுக்கும் அதைத் துரத்திக்கொண்டிருப்பதைவிட ஸ்டிக்கிக்கு மாறுவது மேல். ஸ்டிக்கி ஹெடர் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், அகலமும் சாதாரண ப்ளாக் போலவே இருக்கும். ஹெடர் உருள உருள மறைந்து மீண்டும் தோன்ற வேண்டும் என்பது போன்ற தேவை ஏதும் இல்லாதபோது ஃபிக்ஸட்டைத் தேர்வதற்குக் காரணமே இல்லை.

எதைத் தேர்ந்தாலும் பக்கத்துக்குள்ளான சுட்டிகளை மறக்காதீர்கள். சுட்டியைத் தட்டியதும் அந்தத் தலைப்பு ஹெடரின் அடியில் போய் நிற்கும். எச்டிஎம்எல் எலிமெண்ட்டுக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப் கொடுத்து, ஹெடரின் உயரத்தோடு 16 பிக்சல் கூட்டி வையுங்கள்.

ஸ்டிக்கி ஒட்டவில்லை என்றால்

டாப்: 0 இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஸ்டிக்கி வெறும் ரிலேட்டிவ் போலத்தான் நடந்துகொள்ளும்.

அடுத்து, ஹெடரின் பேரன்ட்டின் உயரம். ஸ்டிக்கி தன் பேரன்ட்டின் எல்லையைத் தாண்டாது. ஹெடரை மட்டும் தனியாக ஒரு டிவ்வுக்குள் வைத்திருந்தால் அந்த டிவ்வின் உயரமும் ஹெடரின் உயரமும் ஒன்றுதான். ஒட்டி நகர இடமே இல்லை. ஸ்டிக்கியை அந்த வெளி டிவ்வுக்குக் கொடுங்கள், அல்லது டிவ்வையே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது ஓவர்ஃப்ளோ, அதாவது பெட்டியை மீறும் உள்ளடக்கத்தை என்ன செய்வது என்ற விதி. ஹெடரைச் சுற்றியுள்ள எந்த எலிமெண்ட்டுக்காவது ஓவர்ஃப்ளோ ஹிடன், ஆட்டோ, ஸ்க்ரோல் இவற்றில் ஒன்று இருந்தால் ஸ்டிக்கி பக்கத்தின் ஸ்க்ரோலை விட்டுவிட்டு அந்தப் பெட்டியின் ஸ்க்ரோலைப் பின்பற்றும். அந்தப் பெட்டி உருளாது, ஹெடரும் ஒட்டாது. ஓவர்ஃப்ளோ-எக்ஸ் மட்டும்தானே ஹிடன் என்று நினைக்கலாம். ஒரு அச்சில் ஹிடன் கொடுத்தால் மறு அச்சில் இருக்கும் விசிபிள் தானாக ஆட்டோ ஆகிவிடும் என்பது சிஎஸ்எஸ் விதி.

இந்த ஹிடன் அங்கே வந்ததே பெரும்பாலும் முதல் பகுதியில் பார்த்த பக்கவாட்டு வழிதலை மூடி மறைக்கத்தான். அகலக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் ஒரு வரியில் மறைப்பது, ஸ்டிக்கியை உடைத்துக் கணக்குத் தீர்க்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம்: பாடிக்கு மட்டும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் கொடுத்தால் பிரவுசர் அதை வியூபோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும், ஸ்டிக்கி பிழைத்துவிடும். எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் எச்டிஎம்எல்லின் மதிப்புதான் வியூபோர்ட்டுக்குப் போகும். பாடியின் மதிப்பு பாடியிலேயே தங்கி, பாடி தனி ஸ்க்ரோல் பெட்டியாகிவிடும். எங்கெங்கோ நகலெடுத்த ரீசெட் கோடில் இந்த இரட்டை வரி நிறையவே இருக்கிறது.

உண்மையிலேயே மறைத்தாக வேண்டிய அலங்காரப் படம் ஏதேனும் வழிந்தால் அந்தப் பகுதியின் டிவ்வுக்கு மட்டும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: க்ளிப் கொடுங்கள். க்ளிப் வெட்டும், ஆனால் ஸ்க்ரோல் பெட்டியை உருவாக்காது. ஃபயர்ஃபாக்ஸ் 81, குரோம் 90, சஃபாரி 16 முதல் இது வேலை செய்கிறது.

ஃப்ளெக்ஸும் தமிழ் மெனுவும்

டெஸ்க்டாப்பில் ஒழுங்காக இருக்கும் ஃப்ளெக்ஸ் ஹெடர் 360 பிக்சல் ஃபோனில் வழிவதற்குக் காரணம் மின்-விட்த். ஃப்ளெக்ஸின் உள்ளே இருக்கும் பெட்டிக்கு மின்-விட்த்தின் இயல்பு மதிப்பு 0 அல்ல, ஆட்டோ. உள்ளே இருக்கும் நீளமான சொல்லை விடச் சிறிதாக அந்தப் பெட்டி சுருங்க மறுக்கும். தேடல் பெட்டியும் அப்படியே. இன்புட்டுக்கு ஏறத்தாழ 20 எழுத்து அகலம் இயல்பாகவே உண்டு. சுருங்க வேண்டியவற்றுக்கு மின்-விட்த்: 0 கொடுங்கள், சுருங்கக் கூடாத லோகோவுக்கு ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க்: 0. கிரிட் பயன்படுத்தினால் 1எஃப்ஆர் என்பதற்குப் பதில் மின்மேக்ஸ் 0, 1எஃப்ஆர் என்று எழுதுங்கள். அங்கேயும் இதே ஆட்டோதான் ஒளிந்திருக்கிறது.

தமிழ்த் தளங்களில் இது கூடுதலாகக் கடிக்கும். டெம்ப்ளேட்டை ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்து மெனுவோடு வடிவமைத்திருப்பார்கள். அங்கே ‘தொழில்நுட்பம்’, ‘மருத்துவக் குறிப்புகள்’, ‘தொடர்புகொள்ள’ என்று வந்ததும் வரிசை நிரம்பிவிடும். வெகுசில தலைப்புகள் என்றால் ஃப்ளெக்ஸ்-ராப்: ராப். பத்துப் பிரிவு கொண்ட செய்தித் தளம் என்றால் மெனுவுக்கு மட்டும் ஒயிட்-ஸ்பேஸ்: நோராப், ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க விடுங்கள், கூடவே மின்-விட்த்: 0 இல்லாவிட்டால் அது உருளாமல் ஹெடரையே அகலப்படுத்தும்.

உயரத்தையும் ஹைட்: 48 பிக்சல் என்று பூட்டாதீர்கள். தமிழ் எழுத்துகளில் ‘கி’, ‘கீ’ மேலே சுழியும், ‘கூ’, ‘ழு’ கீழே இறங்கும்; லைன்-ஹைட் 1.2 என்று இறுக்கி, ஓவர்ஃப்ளோ ஹிடனும் இருந்தால் மேல் சுழியும் கீழ் வளைவும் அறுபடும். மின்-ஹைட் கொடுத்து, லைன்-ஹைட்டை 1.5-க்குக் குறையாமல் வையுங்கள். லோகோவின் அடியில் சில பிக்சல் இடைவெளி விழுந்தால் படத்துக்கு டிஸ்பிளே: ப்ளாக்.

மீதமுள்ளவை

ஃபோனில் ஹெடர் எறும்பு அளவில் தெரிந்தால் சிஎஸ்எஸ்ஸைத் தொடாதீர்கள். ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா வரி இருக்கிறதா என்று பாருங்கள்: விட்த் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் 1. அது இல்லாவிட்டால் ஃபோன் பிரவுசர்கள் வழக்கமாக 980 பிக்சல் அகலத் திரை என்று நினைத்துப் பக்கத்தை வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும்.

படமோ ஸ்லைடரோ ஹெடரின் மேல் ஏறினால் ஹெடருக்கு இசட்-இண்டெக்ஸ்: 10 போதும். 9999 போட்டும் பலன் இல்லையென்றால் ஹெடரின் பேரன்ட் ஒன்றுக்கு ஒப்பாசிட்டியோ ட்ரான்ஸ்ஃபார்மோ குறைந்த இசட்-இண்டெக்ஸோ இருந்து தனி அடுக்கை உருவாக்கியிருக்கிறது. உள்ளே எத்தனை ஒன்பது போட்டாலும் அந்த அடுக்கைத் தாண்டாது.

வேர்ட்பிரஸ்ஸில் லாகின் செய்தவருக்கு மட்டும் ஹெடரின் மேல்பகுதி மறைகிறதா? மேலே வரும் நிர்வாகப் பட்டையின் உயரம் 32 பிக்சல். திரை 782 பிக்சலும் அதற்குக் கீழும் போனால் 46. பாடிக்கு அப்போது அட்மின்-பார் என்ற கிளாஸ் சேரும். அந்தக் கிளாஸ் இருக்கும்போது ஹெடரின் டாப் மதிப்பை 32 அல்லது 46 ஆக்குங்கள். 600 பிக்சலிலும் அதற்குக் கீழும் பட்டை ஒட்டி நிற்காமல் பக்கத்தோடு உருண்டுவிடும். அங்கே ஸ்டிக்கி ஹெடருக்கு மறுபடி 0 கொடுங்கள், இல்லாவிட்டால் மேலே 46 பிக்சல் ஓட்டை தெரியும்.

சோதிக்கும்போது 320, 360, 768, 1280, 1920 அகலங்களில் பாருங்கள். ஸ்க்ரோல்பார் எப்போதும் தெரியும் விண்டோஸ் கணினி ஒன்றிலாவது திறந்து பாருங்கள். 1280 பிக்சல் சாளரத்தில் 400% ஸூம் செய்தால் பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல் அகலம். 720 பிக்சல் உயரம் 180 ஆகிவிடும். அதில் 80 பிக்சல் ஸ்டிக்கி ஹெடர் உட்கார்ந்தால், பெரிதாக்கிப் படிப்பவருக்குப் பாதித் திரையே மிச்சம். மின்-ஹைட்: 480 பிக்சல் என்ற மீடியா குவெரிக்குள் (திரை அந்த அளவுக்கு இருந்தால் மட்டும் இயங்கும் விதி) ஸ்டிக்கி வரியை வைத்துவிட்டால் உயரம் குறைந்த திரையில் ஹெடர் சாதாரணமாக மேலே உருண்டு போய்விடும். ஃபோனைப் படுக்கையாகத் திருப்பிப் படிப்பவருக்கும் அதே வரி போதும்.